ஒரு ஷார்ட்டுக்கு முழு லேஅவுட்டும் நிற்க வேண்டுமா? பல்பு, பிரேக்கர், இரண்டாவது பூஸ்டர்: எதைத் தேர்ந்தெடுப்பது

என் மாடல் ரயில் லேஅவுட் மொட்டை மாடி அறையில் இருக்கிறது. எச்ஓ அளவு (நிஜ ரயிலில் 87-இல் ஒரு பங்கு), எல் வடிவம், வண்டியைத் தடம் மாற்றும் பாயிண்ட் இருபத்துமூன்று, வண்டியைச் சுற்றித் திருப்பி அனுப்பும் ரிவர்ஸ் லூப் ஒன்று. வண்டிகளை நிறுத்தி வைக்கும் யார்டு மூலையில் ஒரு வேகன் பாயிண்ட்டில் தடம் புரண்டு இரண்டு தண்டவாளத்தையும் ஷார்ட் ஆக்கினால், பதினான்கு அடி தள்ளி மெயின் லைனில் போய்க்கொண்டிருக்கும் எக்ஸ்பிரஸும் அதே நொடியில் நின்றுவிடும். பெட்டிகளின் விளக்கு அணையும், இன்ஜின் சத்தம் பாதியில் அறுந்துபோகும். மூன்று வருடம் இப்படியே ஓட்டினேன். அதன் பிறகுதான் லேஅவுட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனிப் பாதுகாப்பு வைப்பது என்று இறங்கினேன். அதற்குள்ள நான்கு வழிகளில் மூன்றைக் கையால் செய்து பார்த்தேன். நான்காவதை ஒரு நண்பரின் பெரிய லேஅவுட்டில் ஒயரிங் செய்து கொடுத்தபோது கற்றுக்கொண்டேன். இதே முடிவை எடுக்க வேண்டிய இடத்தில் நிற்பவர்களுக்காக அந்த நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

தண்டவாள வோல்ட்டாலேயே வண்டியின் வேகத்தை மாற்றும் பழைய டிசி முறையில் இந்தத் தொல்லை குறைவு. ஒவ்வொரு கன்ட்ரோலருக்கும் தனி லைன் என்பதால் ஷார்ட் ஆனால் அந்த லைன் மட்டும் நிற்கும். டிசிசி (டிஜிட்டல் கமாண்ட் கன்ட்ரோல்) அப்படி இல்லை. ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கி, அமெரிக்காவின் மாடல் ரயில் சங்கமான என்எம்ஆர்ஏ தரமாக ஏற்றுக்கொண்ட இந்த முறையில், பூஸ்டர் என்ற ஒரே பவர் பெட்டி எல்லாத் தண்டவாளத்துக்கும் 14, 15 வோல்ட்டை எந்நேரமும் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. இன்ஜினுக்கான கட்டளையும் அந்த மின்சாரத்திலேயே போகிறது. ஆகவே எந்த மூலையில் ஷார்ட் ஆனாலும் மொத்தமும் நிற்கும். வீடு முழுவதற்கும் ஒரே எம்சிபி வைத்தது போல: சமையலறை மிக்ஸி ஷார்ட் ஆனால் படுக்கையறை மின்விசிறியும் நின்றுவிடும்.

பூஸ்டர் நிற்பதைத் தொல்லை என்கிறோம். அது நிற்காமல் போனால் வருவது ஆபத்து. 5 ஆம்பியர் பூஸ்டர் 15 வோல்ட்டில் 75 வாட் தள்ளும். நாம் ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட். என் வேகன் ஒன்று ஒருமுறை பாயிண்ட்டில் குறுக்காக நின்றது. பூஸ்டர் ட்ரிப் ஆகவில்லை, அதாவது தானாக அணையவில்லை. அறையில் பிளாஸ்டிக் கருகும் வாடை வந்த பிறகுதான் குனிந்து பார்த்தேன். சக்கரங்களைத் தாங்கும் போகியின் பக்கவாட்டுச் சட்டம் இளகி, அச்சின் கூர்முனை அதற்குள் ஆழமாக இறங்கியிருந்தது. சக்கரத்தைத் தொட்டால் விரல் சுட்டது.

காரணம் என் ஒயர். அன்று வரை அடியில் ஓட்டியிருந்தது 0.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள டெலிபோன் ஒயர். அதற்கு மீட்டருக்கு ஏறக்குறைய 0.09 ஓம் தடை. ஆறு மீட்டர் தள்ளியிருக்கும் யார்டுக்குப் போக வர 12 மீட்டர், அதாவது ஒரு ஓமுக்குச் சற்று மேல். தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் ஜாயினர்களில் தளர்ந்துபோனவை சேர்ந்து இன்னும் இரண்டு ஓம் கொடுத்தால் மொத்தம் மூன்றைத் தாண்டிவிடும். 15-ஐ மூன்றால் வகுத்தால் 5 ஆம்பியர். மூன்றைத் தாண்டினால் அதற்கும் கீழே. நாலைந்து வண்டி சேர்ந்து ஏறும்போது இழுக்கிற கரன்டுக்கும் இதற்கும் பூஸ்டருக்கு வித்தியாசம் தெரியாது. அது தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும்.

அதனால் எந்தப் பொருளையும் வாங்குவதற்கு முன் நாணயச் சோதனை செய்யுங்கள். ஒரு ரூபாய் நாணயத்தை இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே வையுங்கள். பூஸ்டர் உடனே ட்ரிப் ஆக வேண்டும். ஒரு மீட்டர் தள்ளி மறுபடி வையுங்கள். பாயிண்ட்டைத் தாண்டிய சைடிங், யார்டின் கடைசித் தண்டவாளம், ஒன்றையும் விடக் கூடாது. ஓரிடத்தில் தயங்கினாலும் முதலில் செலவு ஒயருக்குத்தான். வீட்டு ஒயரிங்குக்கு வாங்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயருக்கு மீட்டருக்கு 0.012 ஓம்தான். அதே ஆறு மீட்டருக்குப் போக வர 0.15 ஓம்கூட வராது. அந்த ஒயரிலிருந்து தண்டவாளத்துக்குப் போகும் கிளை ஒயரான ஃபீடரை மீட்டருக்கு ஒன்று இறக்கி, ஜாயினரை நம்பாமல் தண்டவாளத்திலேயே பற்றவைத்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். இந்தச் சோதனையில் தேறாத லேஅவுட்டில் கீழே சொல்லும் நான்கில் எதை வைத்தாலும் பயனில்லை. பிரேக்கரும் கரன்டைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது.

முதல் வழி, புதிதாக எதுவும் வாங்காமல் பூஸ்டரின் ட்ரிப்பையே நம்பி, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு டாகிள் சுவிட்ச் வைப்பது. ஷார்ட் ஆனால் எல்லாம் நிற்கும். சுவிட்சுகளை ஒவ்வொன்றாக அணைக்க வேண்டும். எதை அணைத்ததும் பூஸ்டர் உயிர்பெறுகிறதோ, குற்றவாளி அந்தப் பகுதியில். எட்டுக்கு நான்கு அடி மேஜை, இரண்டு வண்டி, ஓட்டுபவர் ஒருவர் என்றால் இதுவே போதும் என்பது என் திடமான கருத்து. தடம் புரண்ட வண்டி ஓட்டுபவரின் கையெட்டும் தூரத்தில்தான் இருக்கும். மற்ற வண்டி நின்றால் யாருக்கும் நஷ்டமில்லை. இந்த அளவுக்கு விலையுயர்ந்த பிரேக்கர் வாங்கச் சொல்பவர்கள் உங்கள் பணத்தை யோசிக்கவில்லை.

இரண்டாவது, பல்பு. அமெரிக்காவில் 1156 என்ற எண்ணுள்ள கார் பல்பைப் பயன்படுத்துவார்கள். நம் ஊர் ஆட்டோ ஸ்பேர் கடையில் 12 வோல்ட் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு என்று கேட்டால் அதற்கு நிகரானது கிடைக்கும். பூஸ்டரிலிருந்து ஒரு பகுதிக்குப் போகும் இரண்டு ஒயரில் ஒன்றை வெட்டி, நடுவில் பல்பைத் தொடராகச் சேர்த்தால் முடிந்தது. இழை குளிர்ந்திருக்கும்போது தடை அரை ஓம் அளவுதான், அதனால் ஒரு வண்டி ஓடும்போது பல்பு இருப்பதே தெரியாது. ஷார்ட் ஆனதும் இழை சூடாகி, தடை ஏழு ஓம் பக்கம் ஏறி, கரன்டை 2 ஆம்பியரில் பிடித்துக்கொள்ளும். பூஸ்டர் ட்ரிப் ஆகாது, மற்ற பகுதிகள் ஓடிக்கொண்டே இருக்கும். பல்பு பளிச்சென்று எரிவதே எந்தப் பகுதி என்று காட்டும். சூடு முழுவதும் பல்பில் இறங்குவதால் வேகனின் சக்கரம் தப்பிக்கிறது. இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு வேலை செய்கிற பொருள் வேறில்லை என்று ஒரு வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஓட்ட ஓட்டத்தான் குறைகள் தெரிந்தன. முதலாவது, கூட்டல் கணக்கு. 5 ஆம்பியர் பூஸ்டரில் ஷார்ட் 2 ஆம்பியரைத் தின்றாலும் 3 மிச்சம். சின்ன ஸ்டார்ட்டர் செட்டுகள் 2 அல்லது 3 ஆம்பியர்தான் கொடுக்கும். அங்கே ஷார்ட்டுக்கு 2, ஓடும் வண்டிகளுக்கு 1.5 என்று சேர்ந்தால் பூஸ்டர் எப்படியும் விழும். பல்பு வைத்ததற்கு அர்த்தமே போய்விடும். வேகமாக ட்ரிப் ஆகும் சில பூஸ்டர்களில், இழை சூடாகும் முன்பே, குளிர்ந்த பல்பு வழியே பாயும் முதல் அலையிலேயே ட்ரிப் ஆகிவிடும். இரண்டாவது, சவுண்ட் இன்ஜின்கள். ஆளுக்கு அரை ஆம்பியர் இழுக்கும் நான்கு இன்ஜின் ஒரே பகுதியில் நின்றால், ஷார்ட் இல்லாமலே பல்பு மங்கலாக எரியத் தொடங்கும். வோல்ட் இறங்கும், வண்டி மெதுவாகும், சத்தம் திக்கும். இன்ஜினில் கோளாறோ என்று அதைப் பிரித்துப் பார்த்து நான் வீணாக்கிய ஞாயிற்றுக்கிழமைகள் இரண்டு. மூன்றாவது சூடு. 15 வோல்ட், 2 ஆம்பியர் என்றால் 30 வாட். கவனிக்காமல் ஐந்து நிமிடம் விட்டால் பக்கத்தில் உள்ள தெர்மோகோல் மலை சுருங்கும். கட்டாயம் உலோக ஹோல்டரில், பலகையிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். நான்காவதை அதிகம் பேர் சொல்வதில்லை: பல்பு இருக்கும் பகுதியில் ஆட்டோ ரிவர்சர் (ரிவர்ஸ் லூப்பின் மின்முனையைத் தானாகத் திருப்பும் கருவி) சரியாக வேலை செய்யாது. 2 ஆம்பியருக்கு மேல் போனால் ஷார்ட் என்று புரிந்துகொண்டு திரும்ப வேண்டிய கருவிக்கு, அந்த 2-ஐத் தாண்ட பல்பு விடுவதே இல்லை.

பல்பை நான் தூக்கி எறியவில்லை. கட்டளையைப் படித்து மோட்டாரை இயக்கும் டீகோடரைப் புதிதாக மாட்டிய இன்ஜினை முதன்முதலில் வைத்துப் பார்க்கும் டெஸ்ட் ட்ராக்கில் இன்றும் அதே பல்பு இருக்கிறது. ஒயரை மாற்றிக் கொடுத்துவிட்டால் பல்பு எரியும். டீகோடர் தப்பிக்க ஒரு வாய்ப்புக் கிடைக்கும். அந்த இடத்துக்கு அதைவிட நல்லது எனக்குத் தெரியாது.

ஃபியூஸைப் பற்றி ஒரு வரி போதும். தடம் புரள்வது வாரத்துக்குப் பத்து முறை நடக்கும் விஷயம். ஒவ்வொரு முறையும் ஃபியூஸ் மாற்ற யாராலும் முடியாது. தானே ஆறித் திரும்பும் பாலிஃபியூஸோ மிக மெதுவானது.

மூன்றாவது, எலெக்ட்ரானிக் சர்க்யூட் பிரேக்கர். பூஸ்டருக்கும் பகுதிக்கும் நடுவில் உட்கார்ந்து, கரன்ட் நிர்ணயித்த அளவைத் தாண்டினால் சில மில்லி விநாடிகளில் அந்தப் பகுதியை மட்டும் துண்டித்து, சற்று நேரத்துக்கு ஒருமுறை தானாகவே மறுபடி கொடுத்துப் பார்க்கும். வேகனைத் தூக்கித் தடத்தில் வைத்தால் போதும், எந்தப் பட்டனையும் தொட வேண்டாம். டிஜிட்ராக்ஸின் பிஎம்42 ரிலே வகை, ஒரே பலகையில் நான்கு பகுதி. டிசிசி ஸ்பெஷாலிட்டீஸின் பிஎஸ்எக்ஸ், ரிலே இல்லாத செமிகண்டக்டர் வகை. ட்ரிப் அளவை மாற்றிக்கொள்ளலாம், ஆட்டோ ரிவர்சராகவும் அதே குடும்பத்தில் கிடைக்கிறது. என்சிஇயின் இபி1 ஒற்றைப் பகுதிக்கானது. வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும், சுங்க வரியும் சேரும். செலவு என்று பார்த்தால் இதுதான் பலரைத் தயங்க வைக்கிறது.

நான் இதற்கு மாறியதன் முக்கியக் காரணம் பாதுகாப்பைவிட, கோளாறு எங்கே என்று அது காட்டுவது. அந்தக் கதையைச் சொல்ல வேண்டும்.

போன கோடையில் தினமும் மதியம் இரண்டு மணி வாக்கில் ஷார்ட். காலையில் சோதித்தால் ஒன்றும் இல்லை, இரவிலும் இல்லை. பிரேக்கர் இல்லாத காலமாக இருந்தால் இருபத்துமூன்று பாயிண்ட்டையும் துருவியிருப்பேன். பிரேக்கர் பலகையில் மூன்றாம் எல்இடி மட்டும் சிமிட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பகுதியில் ஐந்தே பாயிண்ட். வண்டிகளை எல்லாம் எடுத்துவிட்டு (டீகோடரும் விளக்குள்ள பெட்டியும் தண்டவாளத்தில் நின்றால் மீட்டர் காட்டுவதை நம்ப முடியாது), மின்சாரத்தை அணைத்து, அடியில் ஓடும் முக்கிய ஒயரான பஸ் ஒயரைக் கழற்றி, மல்டிமீட்டரை பீப் சத்தத்தில் வைத்து, பாதி ஃபீடர்களைப் பிரித்தேன். பீப் நிற்கவில்லை. மீதியில் பாதி. நின்றது. இப்படிப் பாதி பாதியாகக் குறைத்து வந்தால் ஒரே பாயிண்ட்டில் வந்து நின்றது. அதை ஒருபக்கம் திருப்பினால் பீப், மறுபக்கம் திருப்பினால் அமைதி.

டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. லைவ் ஃப்ராக் பாயிண்ட்டின் (தண்டவாளங்கள் குறுக்கிடும் முனையான ஃப்ராக்குக்கும் மின்சாரம் வரும் வகை) பின்னால் உள் தண்டவாளத்தில் நான் ரேசர் ரம்பத்தால் வெட்டியிருந்த இடைவெளி மூடியிருந்தது. இரண்டு முனையும் முத்தமிட்டுக்கொண்டிருந்தன. நிக்கல் சில்வர் தண்டவாளம் ஒரு டிகிரிக்குத் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் பதினாறு, பதினேழு பங்கு நீளும். அங்கே வளைக்கக்கூடிய ஃப்ளெக்ஸ் தண்டவாளத் துண்டுகள் மூன்றை ஒன்றாகப் பற்றவைத்திருந்தேன், ஏறக்குறைய 2.74 மீட்டர். மாடி அறை காலையைவிட 15 டிகிரி ஏறினால் கிட்டத்தட்ட 0.7 மில்லிமீட்டர் நீட்சி. என் ரம்பத்தின் வெட்டு அரை மில்லிமீட்டர்கூட இல்லை. மாலை குளிர்ந்ததும் இடைவெளியில் ஒரு பிளாஸ்டிக் சில்லை வைத்து, சூப்பர் க்ளூ விட்டு, தண்டவாள வடிவத்துக்கு அராவிவிட்டேன். மற்ற வெட்டுகளுக்கும் அதே வைத்தியம். நம் வெயிலில் வெறும் வெட்டை நம்பாதீர்கள். இன்சுலேட்டட் ஜாயினர் போட முடிந்த இடத்தில் அதையே போடுங்கள்.

பிரேக்கருக்கும் கட்டுப்பாடுகள் உண்டு. அது பூஸ்டரை முந்த வேண்டும். பூஸ்டர் 2 ஆம்பியர் என்றால் பிரேக்கரின் அளவை அதற்குக் கீழே இறக்காவிட்டால், பூஸ்டர்தான் முதலில் விழும், மொத்தமும் நிற்கும். இரண்டாவது, யார்டில் நிற்கும் சவுண்ட் இன்ஜின்கள். மின்சாரம் வந்ததும் அவற்றின் கெப்பாசிட்டர்கள் ஒரே நேரத்தில் கரன்டை உறிஞ்சும். பிரேக்கருக்கு அது ஷார்ட் போலவே தெரியும். துண்டிக்கும், கொடுக்கும், மறுபடி துண்டிக்கும். என்னிடம் ஆறு இன்ஜின் நிற்கும் யார்டில் இது நடந்தது. ஒவ்வொரு நிறுத்தத் தடத்துக்கும் ஒரு டாகிள் சுவிட்ச் வைத்து, ஓடாதவற்றை அணைத்து வைத்ததும் சரியானது. ரிவர்ஸ் லூப்பின் ஆட்டோ ரிவர்சருக்கும், ஃப்ராக்கின் மின்முனையைத் தானாகத் திருப்பும் ஃப்ராக் ஜூஸருக்கும் அதே விதி: அவை பிரேக்கரைவிடக் குறைந்த கரன்டில், முன்னதாகவே திரும்ப வேண்டும்.

நான்காவது, இன்னொரு பூஸ்டர். பலரும் இதை ஷார்ட்டுக்கு மருந்தாகக் கேட்கிறார்கள். பூஸ்டர் கரன்ட் பற்றாக்குறைக்கான மருந்து. இன்றைய எச்ஓ இன்ஜின் ஓடும்போது கால் முதல் அரை ஆம்பியர்தான் இழுக்கும். பழைய மோட்டார் என்றால் ஒன்று வரை போகலாம். 5 ஆம்பியரில் எட்டு இன்ஜின் தாராளமாக ஓடும். ஒரே நேரத்தில் அதைத் தாண்டி ஓட்டுகிறீர்களா, அல்லது பழைய பல்பு விளக்குள்ள பெட்டிகள் நீள வரிசையாக ஓடுகின்றனவா? அப்படியானால் வாங்குங்கள். இல்லையென்றால் அந்தப் பணத்துக்கு இரண்டு மூன்று பிரேக்கர் வரும். நண்பரின் லேஅவுட்டில் ஐந்து பேர் பதினைந்து இன்ஜின் ஓட்டுகிறார்கள். அங்கே இரண்டு பூஸ்டர் தேவைப்பட்டது. ஒவ்வொரு பூஸ்டரின் கீழும் பிரேக்கர்களும் தேவைப்பட்டன.

இரண்டு பூஸ்டர் வைத்தால் ஃபேஸ் ஒத்துப்போக வேண்டும். எல்லையில் இரண்டு தண்டவாளத்தையும் வெட்டியிருக்க வேண்டும். இரு பகுதிக்கும் மின்சாரம் கொடுத்து, மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஒரே பக்கத் தண்டவாளத்தின் வெட்டுக்கு இருபுறமும் முனைகளை வையுங்கள். பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் சரி. வோல்ட் பெரிதாகக் காட்டினால் ஒரு பூஸ்டரின் ஒயர் தலைகீழ். முதல் இன்ஜின் எல்லையைத் தாண்டும்போதே இரண்டும் மோதிக்கொள்ளும். சாதாரண மீட்டர் 50 ஹெர்ட்ஸுக்குச் செய்தது, டிசிசி 5 முதல் 8 கிலோஹெர்ட்ஸில் ஓடுகிறது. ஆகவே எண் துல்லியமாக இருக்காது. ஒன்றுமில்லையா, பெரிய எண்ணா என்று அறிய அது போதும்.

பிரேக்கரோ பூஸ்டரோ, பகுதி பிரிப்பதை வரைபட அழகுக்காகச் செய்யாதீர்கள். யார் எதை ஓட்டுகிறார்கள் என்று பார்த்துப் பிரியுங்கள். தடம் புரள்வது யார்டில்தான் அதிகம். அது கட்டாயம் தனி. அப், டவுன் லைன்கள் தனித்தனி, நடுவில் உள்ள கிராஸ்ஓவரில் வெட்டு. லூப் தனி; அதன் நீளம் உங்கள் மிக நீளமான வண்டியைவிட அதிகமாக இருக்க வேண்டும்.

ஷார்ட்டின் எண்ணிக்கையைக் குறைப்பது தனி வேலை. ஃப்ராக்குக்கு மின்சாரம் வராத டெட் ஃப்ராக் பாயிண்ட்டில் இரண்டு தண்டவாளம் நெருங்கி வரும் முனையில் அகலமான சக்கரம் இரண்டையும் தொட்டு ஒரு கண்சிமிட்டல் ஷார்ட் கொடுக்கும். அந்த முனையில் நிறமில்லாத நகப்பூச்சு ஒரு பூச்சு பூசினால் பல மாதம் தாங்கும். லைவ் ஃப்ராக்கில் சின்ன இன்ஜின்கூடத் தயங்காமல் போகும், ஆனால் பாயிண்ட் திரும்பாத பக்கத்திலிருந்து வண்டியை விட்டால் நிச்சயம் ஷார்ட். எனக்கு லைவ் ஃப்ராக்தான் பிடிக்கும். மெதுவாக ஷண்டிங் செய்யும் சுகத்துக்காக அந்த ஷார்ட்டுகளைப் பொறுத்துக்கொள்ளலாம், பிரேக்கர் இருக்கும் பட்சத்தில். வேகன்களின் சக்கர இடைவெளியை அளவியால் ஒருமுறை பார்த்து, கப்ளரின் அடியில் தொங்கும் இரும்பு முள் பாயிண்ட்டின் தண்டவாளத்தை உரசாத உயரத்துக்கு வளைத்து விடுங்கள். என் ஷார்ட்டுகளில் காரணம் தெரியாதவை என்று நான் நினைத்திருந்த பலவும் அந்த முள்ளின் வேலைதான்.

இன்று என்னிடம் 5 ஆம்பியர் பூஸ்டர் ஒன்று. கீழே நான்கு பிரேக்கர்: யார்டு, அப், டவுன், கிளைப்பாதை. நான்கும் 3.8 ஆம்பியர் அளவில். லூப்புக்கு ஆட்டோ ரிவர்சர், அதைவிடக் கீழே. நான்கு எல்இடியையும் பலகையிலிருந்து ஒயர் இழுத்து லேஅவுட்டின் முன்பக்க விளிம்பில் பதித்திருக்கிறேன், குனியாமலே தெரியும்படி. மாதம் முதல் ஞாயிறு அன்று என் மகள் ஒரு ரூபாய் நாணயத்தோடு முழுப் பாதையையும் சுற்றி வருவாள். நான் எல்இடியைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். போன முறை கிளைப்பாதையின் கடைசி முட்டில் அவள் நாணயத்தை வைத்து "அப்பா, இங்க சிமிட்டல" என்றாள். அடியில் ஒரு ஃபீடர் பற்று விட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது.